கல்லும் தண்ணீரும்

பாறைத் தோட்டம் போட வேண்டும் என்று நான் எந்தக் காலத்திலும் ஆசைப்பட்டதில்லை. கற்கள்தான் என்னைத் தேடிக்கொண்டு வந்தன.

2022-ம் வருஷக் கோடையில் எங்கள் வீட்டு முன்புறத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டுவதற்காகப் பள்ளம் தோண்டினோம். வீடு இருப்பது பல்லாவரத்தை அடுத்த ஒரு சின்னத் தெருவில். மூன்றடி வரையில் மண்வெட்டி சமர்த்தாக இறங்கியது. அதற்கப்புறம் 'ணங்' என்று ஒரு சத்தம். மேஸ்திரி பள்ளத்திலிருந்து தலையை உயர்த்தி என்னைப் பார்த்தார். நான் போட்டு வைத்திருந்த கணக்கெல்லாம் அந்த ஒரு பார்வையிலேயே பொய்யாய்ப் போயிற்று. ஆட்கள் நான்கு நாள் கடப்பாரையோடு மல்லாடி, சிறிதும் பெரிதுமாக 17 கற்களை வெளியே உருட்டிப் போட்டார்கள்.

"இவற்றை எப்போது எடுத்துக்கொண்டு போவீர்கள்?" என்று கேட்டேன்.

"எடுத்துக்கொண்டு போகலாம் சார். வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி..." என்று அவர் விரலை மடக்க ஆரம்பித்தார். நான்காவது விரலை மடக்குவதற்குள் எனக்கு அந்தக் கற்களின் மேல் சொல்ல முடியாத பாசம் உண்டாகிவிட்டது. "வேண்டாம், கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

கிடந்தன. வருகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவை இடறிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். அப்படி இடறிய சிநேகிதர் ஒருவர்தான், காலைத் தடவிக்கொண்டே, "பாறைத் தோட்டம் போட்டுவிடுமேன் ஐயா! சண்டிகரில் பார்த்ததில்லையா?" என்றார். சண்டிகரில் இருப்பது வேறு. நேக் சந்த் என்ற சாலை ஆய்வாளர், அரசாங்கத்துக்குத் தெரியாமலே பல வருஷம் உழைத்து, உடைந்த வளையலையும் பீங்கானையும் கொண்டு உருவங்கள் செய்து நிறுத்திய இடம் அது. 1976-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அவ்வளவு பொறுமை எனக்கு ஏது? கல்லிடுக்கில் நான்கு செடி வளர்ந்தால் போதும் என்று தீர்மானித்தேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி, "எதையாவது செய்து வாசலை ஒழித்துக் கொடுத்தால் சரி" என்றாள். அம்மாதான் திகைத்துப்போனாள்.

"ஏண்டா, கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டுத்தானே செடி வைப்பார்கள்? கல்லைக் கொண்டுவந்து போட்டா வைப்பார்கள்?"

அம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது. அவள் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் அரசலாற்றங்கரையில் பிறந்து, அதே ஆற்றங்கரையில் வாழ்க்கைப்பட்டவள். அந்தச் சீமையில் எங்கே பார்த்தாலும் வண்டல் மண். பத்தடி தோண்டினாலும் ஒரு பாறை தட்டுப்படாது. 1010-ல் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கல்லை வெளியிலிருந்துதான் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆகையால் அம்மாவுக்குத் தெரிந்த கல் மூன்றே வகைதான்: அரைக்கிற கல், துவைக்கிற கல், கும்பிடுகிற கல். செடி வைக்கிற கல் என்று ஒன்று இருப்பதாக அவள் கேள்விப்பட்டதே இல்லை.

அப்பா காலமான பிறகு, 2020-ல், அவள் எங்களோடு வந்துவிட்டாள். ஊரில் கொல்லையும் மாடும் வாழையும் அவரைப் பந்தலுமாக விடியற்காலை முதல் ஓடிக்கொண்டிருந்தவளுக்கு இங்கே செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. துணிக்கு இயந்திரம், பாத்திரத்துக்கு ஆள். எதையாவது தொடப் போனால் என் மனைவி மிகுந்த அன்போடு, "நீங்கள் உட்காருங்கள் அத்தை" என்று சொல்லிவிடுவாள். இரண்டு வருஷமாக அம்மா உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

எனக்கோ எந்தக் காரியத்தையும் புத்தகத்தில் பார்த்துச் செய்கிற வியாதி உண்டு. பாறைத் தோட்டத்தைப் பற்றியும் படித்தேன். பனிமலைச் செடிகளைத் தரையில் வளர்த்துப் பார்க்க ஆசைப்பட்ட ஐரோப்பியர்கள் வளர்த்த கலை இது. லண்டனில் செல்ஸி மூலிகைத் தோட்டத்தில் 1773-ல் ஒன்று அமைத்தார்கள். அதற்குப் போட்ட கற்களில் ஒரு பகுதி லண்டன் டவர் கோட்டையில் கழித்துப் போட்டவை. இன்னொரு பகுதி, ஜோசப் பாங்க்ஸ் ஐஸ்லாந்திலிருந்து திரும்பியபோது கப்பலின் அடிப்பாரத்துக்காக ஏற்றி வந்த எரிமலைக் கல். அவர்களுக்கும் வாசலில் கிடந்த கல்தான் ஆரம்பம் என்று அறிந்ததும் எனக்குத் தெம்பு பிறந்தது. ரெஜினால்ட் ஃபேரர் என்கிற ஆங்கிலேயர் இந்தக் கலைக்கு ஆசாரியர் மாதிரி. 1907-ல் தம் பாறைத் தோட்டத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்; செடி தேடிப் போன இடத்தில், பர்மா மலைகளில், 1920-ல் இறந்தார். மண்ணைக் குவித்து, மேலே கல்லை நட்டுவைத்துவிட்டு, அதைத் தோட்டம் என்று சொல்லிக்கொள்கிறவர்களை அவர் கடுமையாகக் கேலி செய்திருக்கிறார்.

அதைப் படித்துவிட்டு நான் என்ன செய்தேன்? மண்ணைக் குவித்து, மேலே கல்லை நட்டுவைத்தேன்.

இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பாடுபட்டேன். சாயங்காலம் பார்த்தபோது, பெரிய கல் ஒன்று உச்சியில் கம்பீரமாக நின்றது. மற்றவை அதைச் சுற்றிப் பரிவாரம் போல நின்றன. எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது. எதிர்வீட்டுக்காரர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாருக்கு சார்?" என்று விசாரித்தார். மறுநாள் காலையில் கதவைத் திறந்தால், உச்சிக் கல்லுக்குக் குங்குமம் இட்டு, ஒரு முழம் கதம்பமும் சாத்தியிருந்தது. வழக்கமாகப் பூக் கொடுக்கிற அம்மாளின் கைங்கரியம். காசு கொடுக்கப் போனேன். "சாமிக்குப் போட்டதற்குக் காசு வாங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

அந்த வாரம் மதில் சுவரின் அஸ்திவாரத்தைச் சரிசெய்வதற்காகக் கல் வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் வந்தார். என் கைவேலையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "கல்லெல்லாம் நிற்கிறதே சார்" என்றார்.

"நின்றால் என்ன பெரியவரே?"

"கல் நிற்கக் கூடாது, உட்கார வேண்டும். மலையில் பாருங்கள். வெளியே தெரிவது கொஞ்சம், உள்ளே கிடப்பது நிறைய. பார்க்கிறவனுக்கு, இது எப்போதும் இங்கேயே கிடந்தது என்று தோன்ற வேண்டும்."

ஃபேரர் ஒரு புத்தகம் நிறையச் சொன்னதைப் பெரியவர் ஒரு வெற்றிலை போடுகிற நேரத்தில் சொல்லி முடித்தார். மதில் வேலை முடிந்த பிறகு மூன்று நாள் கூடவே இருந்து, எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு மறுபடி அமைத்துக் கொடுத்தார். 12 அடி நீளம், 6 அடி அகலம், இரண்டரை அடி உயரம். ஒவ்வொரு கல்லிலும் மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் போயிற்று. கல்லின் மேல்முகம் உள்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கும்படி வைத்தார். மேலே விழும் மழை வெளியே வழிந்தோடாமல் உள்ளே வேருக்குப் போக வேண்டுமாம். கல்லில் ஓடுகிற ரேகைகளெல்லாம் ஒரே திக்கில் போகும்படி திருப்பினார். ஒவ்வொன்றின் மேலும் ஏறி நின்று குதித்துப் பார்த்தார்; ஆடினால் மறுபடி எடுத்து வைத்தார். இந்தக் கல் ஒரு கன அடி ஏறக்குறைய 75 கிலோ இருக்கும். அதை அவர் ஒரு கடப்பாரையையும் இரண்டு உருளைக் கட்டைகளையும் வைத்துக்கொண்டு குழந்தையைத் திருப்பிப் படுக்க வைக்கிற மாதிரி திருப்பிக்கொண்டிருந்தார். நான் செய்த உதவியெல்லாம், வழியில் நிற்காமல் ஒதுங்கி நின்றதுதான்.

நீலமும் கறுப்புமாக மினுங்குகிற அந்தக் கல்லை அவர், "நம் ஊர்க் கல்" என்றார். அதற்கு உலகப் பெயர் ஒன்று உண்டு. கல்கத்தாவில் 1690-ல் ஆங்கிலேயரின் வியாபாரத் தலத்தை ஏற்படுத்திய ஜோப் சார்னாக்கின் கல்லறை, அங்கே புனித ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. அந்தக் கல்லறைக் கல்லை 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியல் அறிஞர் ஆராய்ந்து, இது பரங்கிமலை, பல்லாவரப் பக்கத்துக் கல்லின் இனம் என்று கண்டு, சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார். என் வீட்டு வாசலில் உழைத்தவருக்கு அந்தப் பெயர் தெரியாது. அந்தக் கல் எங்கே அடித்தால் எப்படிப் பிளக்கும் என்பது தெரியும்.

கல்லைப் போல மண்ணுக்கும் ஒரு முறை உண்டு. அடியில் அரையடி உயரத்துக்கு உடைந்த செங்கல். அதன் மேல் செம்மண் ஒரு பங்கு, பொடி சலித்த பெருமணல் ஒரு பங்கு, கால் அங்குல ஜல்லி ஒரு பங்கு. மட்கிய எரு கைப்பிடி அளவு. அதற்கு மேல் கூடாது. பாறைச் செடிக்குப் பசியைவிட அஜீரணம்தான் எமன்.

பனிமலைச் செடிகள் பல்லாவரத்து வெயிலில் ஒரு வாரம்கூடத் தாங்கா. ஆனால் நமக்கும் பாறைச் செடிகள் உண்டு. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் பேருந்தில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். வெந்து கிடக்கிற குண்டுப் பாறைகளுக்கு நடுவே சதுரக் கள்ளி பச்சைப் பசேலென்று நிற்கும். கல்லுக்குக் கீழே வெயில் போகாது. அங்கே தங்கிய ஈரம் எளிதில் காயாது. வேர் அதைத் தேடிக்கொண்டு கல்லுக்கு அடியில் போய்விடுகிறது. மேலே நெருப்பு, கீழே குளிர்ச்சி. அதுதான் பாறைத் தோட்டத்தின் ரகசியம்.

உச்சியில் சதுரக் கள்ளியும் அடினியமும் வைத்தேன். சரிவில் சோற்றுக் கற்றாழை, மருள், பிரண்டை. இடுக்குகளில் பத்துமணிப் பூவும் ரணகள்ளியும். நித்தியகல்யாணிக்கு இடம் ஒதுக்கவில்லை. அது கேட்காமலே வந்து உட்கார்ந்துகொள்ளும். சிநேகிதர் ஒரு சப்பாத்திக் கள்ளியைப் பரிசாகக் கொடுத்தார். கள்ளித் துண்டை வெட்டினால், வெட்டுவாய் ஆறும்வரை சில நாள் நிழலில் காயப்போட்டுத்தான் நட வேண்டும். சதுரக் கள்ளியின் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நட்ட பிறகு ஒரு வாரம் தண்ணீரே விடக் கூடாது.

இந்தக் கடைசி விதியில்தான் வினை இருந்தது.

பிரண்டையைக் கண்டதும் அம்மாவின் முகம் மலர்ந்தது. "துவையலுக்கு ஆச்சு. புளி சேர்க்காவிட்டால் நாக்கு அரிக்கும்" என்றாள். பிறகு உள்ளே போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"வேண்டாம் அம்மா, ஒரு வாரம் போகட்டும்."

"நட்ட அன்றைக்குத் தண்ணீர் விடாத செடியா?"

நான் ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். இவை பகலில் இலைத் துவாரங்களை மூடிக்கொண்டு, ராத்திரியில் திறந்து மூச்சு விடுகிற ஜாதி. அதனால் இவற்றுக்கு நீர் செலவு மிகவும் குறைவு. கற்றாழையின் மடல் ஒவ்வொன்றும் ஒரு தண்ணீர்க் குடம் என்றெல்லாம் எடுத்துச் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். மறுநாள் விடிவதற்கு முன்னால், நான் எழுந்திருப்பதற்குள், ஒவ்வொரு செடிக்கும் ஒரு சொம்பு ஊற்றிவிட்டாள். அதற்கு மறுநாளும் ஊற்றினாள். எனக்கு அது வெகு நாள் தெரியாது.

ஆகஸ்டு மாதம் கற்றாழையின் அடிமடல்கள் கண்ணாடி போல் ஊறி, பழுப்பேறி, தொட்டால் கையோடு வந்தன. அடினியத்தின் தண்டை அழுத்தினேன். விரல் உள்ளே போயிற்று. ஒரு துர்நாற்றம். அந்த நேரம் பார்த்து அம்மா சொம்போடு வந்து நின்றாள்.

நான் கத்தினேன். "யார் உன்னை ஊற்றச் சொன்னது? இது என்ன உங்கள் ஊர் வாழைக் கொல்லையா? இனிமேல் நீ இந்தப் பக்கமே வராதே!"

தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என்னைப் பார்க்கவில்லை, கற்றாழையைப் பார்த்தாள். "ஊற்றாமல் இருப்பதற்கு எதற்கடா செடி?" என்று மெல்லக் கேட்டாள். பிறகு குழாயடிக்குப் போய்ச் சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எட்டு நாள் அந்தச் சொம்பு கவிழ்ந்தே கிடந்தது. அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், சாப்பிட்டாள், உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தாள். வாசல் பக்கம் மட்டும் வரவில்லை. நான் ஒவ்வொரு நாளும் அந்தக் கவிழ்ந்த சொம்பைத் தாண்டித்தான் வெளியே போய்வந்தேன். 120 ரூபாய் கொடுத்து வாங்கிய அடினியத்துக்காகத் தாயை வாசலை விட்டு விரட்டினவன் என்று அது என்னைப் பார்த்துச் சொல்வது போலிருந்தது.

ஒரு நாள் ராத்திரி என் மனைவி சொன்னாள்: "செடிக்குத் தண்ணீர் வேண்டாம், சரி. அத்தைக்கு ஊற்ற வேண்டியிருக்கிறதே, அதற்கு என்ன வழி?" சற்றுப் பொறுத்து, "நானும்தான் எல்லா வேலையையும் வாங்கி வைத்துக்கொண்டுவிட்டேன்" என்றாள்.

வழியைக் காட்டியது மழைதான். இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் இடியோடு நல்ல மழை பெய்தது. காலையில் தோட்டத்தைப் பார்க்கப் போனேன். மேட்டில் ஒரு சொட்டு நிற்கவில்லை. ஆனால் ஈசான மூலையில், கடைசிக் கல்லுக்கு அடியிலிருந்து நீர் கசிந்து வந்து பள்ளத்தில் குளம் கட்டியிருந்தது. மறுநாளும் அங்கே சேறாகவே இருந்தது. பெரியவர் சாய்த்து வைத்த கற்களெல்லாம் வாங்கிக்கொண்ட மழை, செங்கல் தளத்தின் வழியாக அந்த மூலைக்குத்தான் வருகிறது என்று தெரிந்துகொண்டேன்.

உள்ளே போனேன். அம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மூலையில் தண்ணீர் தேங்குகிறது. கற்றாழைக்கு ஆகாது. அங்கே என்ன வைக்கலாம்?"

பதில் இல்லை. ஒரு கல்லைப் பொறுக்கிக் கீழே வைத்தாள். இன்னொரு கல்லைப் பொறுக்கினாள்.

"எவ்வளவு தண்ணீர்?" என்று கேட்டாள்.

"கணுக்கால் நனையும்."

"சேம்பு வைக்கலாம். பொன்னாங்கண்ணி வரும். வல்லாரை வரும்." முறத்தை இறக்கி வைத்தாள். "வரப்புக் கட்டினாயா?"

நான் கட்டவில்லை என்பதை வந்து பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். 78 வயதில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சேற்றைக் கையால் அணைத்து, அரை மணி நேரத்தில் நாலடிக்கு மூன்றடி பாத்தி ஒன்று கட்டிவிட்டாள். தடுக்கப் போன என் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா நின்றாள். ஊரிலிருந்து வந்த உறவினர் மூலம் சேப்பங்கிழங்கும் மஞ்சள் கிழங்கும் வந்து சேர்ந்தன. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் மனத்துக்குள் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் அப்படியே இருக்கின்றன. கேட்கச் சந்தர்ப்பமே கொடுக்கவில்லை. சொம்பு நிமிர்ந்துவிட்டது.

அதற்குப் பிற்பாடு அம்மா தோட்டம் முழுவதற்கும் மேற்பார்வையாளர் ஆகிவிட்டாள். 2023 கோடையில் ஒரு நாள், "ஏண்டா, இந்தக் கள்ளிக்கு ரத்தம் வருகிறது" என்று கூப்பிட்டாள். சப்பாத்திக் கள்ளியின் மேல் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்ததை அவள் நசுக்கியிருக்கிறாள், விரலெல்லாம் கருஞ்சிவப்பு. அது இந்திரகோபச் சாயம் போன்ற செந்நிறம் தருகிற கள்ளிப் பூச்சி. இந்தச் சாயத்துக்கு ஆசைப்பட்டுத்தான் சென்னையில் கம்பெனி மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே வைத்திருந்தார். 1795-ல் பூச்சியும் கப்பலில் வந்தது. வந்தது நல்ல சாயம் தருகிற ஜாதி அல்ல. சாயம் சரியாகக் கிடைக்கவில்லை, கள்ளியை மட்டும் தின்று தீர்த்தது. வேலியெல்லாம் மண்டிய இன்னொரு வகைக் கள்ளியை ஒழிக்க, 1926-ல் வேறொரு பூச்சியை இலங்கையிலிருந்து வேண்டுமென்றே தருவித்தார்கள். அது சொன்ன வேலையைச் செய்தது. இந்தக் கதையை அம்மாவிடம் சொன்னேன். "கதை இருக்கட்டும், பூச்சிக்கு என்ன செய்யப் போகிறாய்?" என்றாள். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீருமாக இருவரும் ஒரு காலைப்பொழுது முழுவதும் கள்ளியைத் தேய்த்தோம்.

அந்த வருஷம் டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. இரண்டு நாள் வானம் மூடவேயில்லை. மின்சாரம் இல்லாத இருட்டில், தோட்டம் போயிற்று என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன். மழை விட்டதும் வெளியே வந்து பார்த்தால், மேட்டில் ஒரு கல்கூட அசையவில்லை. ஒரு கற்றாழைகூட அழுகவில்லை. பெரியவருக்கு மனத்துக்குள் ஒரு கும்பிடு போட்டேன். ஆனால் அம்மாவின் பாத்தி இருந்த இடமே தெரியவில்லை. தெருவின் சேறெல்லாம் அதன் மேல் படிந்திருந்தது.

எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தயக்கமாக இருந்தது. அம்மா குனிந்து அந்தச் சேற்றை இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"எங்கள் ஊரில் இதைத்தானே ஆறு கொண்டுவந்து போடும்? கிழங்கு உள்ளேதான் இருக்கிறது. வந்துவிடும்" என்றாள்.

தை மாதம் சேம்பு இலை விட்டது.

இப்போதும் அம்மா காலையில் சொம்போடு வருகிறாள். பாத்திக்கு ஊற்றிய பிறகு கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்கிறாள். நான் பத்திரிகை படிப்பது போல் உட்கார்ந்திருப்பேன். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, அந்த மிச்சத் தண்ணீரை உச்சிக் கல்லின் மேல், முன்னொரு நாள் பூச்சாத்தி இருந்ததே அதே கல்லின் மேல், மெதுவாக ஊற்றுவாள்.

"செடிக்கு ஊற்றவில்லை. கல்லுக்குத்தான்" என்பாள்.

நான் ஒன்றும் சொல்வதில்லை. ஒரு சொம்புத் தண்ணீரில் அந்தக் கள்ளிக்கு ஒன்றும் ஆகிவிடாது. மிஞ்சினால் அது செங்கல் வழியாக இறங்கி அவளுடைய சேம்புக்குத்தான் போய்ச் சேரும்.